எஸ்எஸ்டியோடு பழைய ஹார்ட் டிஸ்க்கையும் வைத்துக்கொண்டால்: கணினி திறக்காதபோது செய்ய வேண்டியவை

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு மேசைக் கணினி ஒருவரோடு முடிந்துவிடுவதில்லை. ஈப்போவில் வாங்கிய பழைய அலுவலகக் கணினியை வைத்து அண்ணன் எஸ்பிஎம் படிப்பார். அவர் வேலைக்குப் போனதும் அது தங்கையின் மேசைக்கு வரும். அதற்குள் அதன் ஹார்ட் டிஸ்க்கில் குடும்பத்தின் கல்யாணப் படங்கள், கோயில் திருவிழாக் காணொளிகள், சான்றிதழ்களின் நகல்கள் எல்லாம் சேர்ந்திருக்கும். கணினி மெதுவாகிவிட்டது என்று எஸ்எஸ்டி எனப்படும், சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பு வட்டு ஒன்றை வாங்கிப் பூட்டும்போது, அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் போட யாருக்கும் மனம் வருவதில்லை. விண்டோஸ் எஸ்எஸ்டியிலும் படங்கள் ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கும் இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடே. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஏறக்குறைய 100 முதல் 200 மெகாபைட் வரை படிக்கும். சாட்டா என்ற வழக்கமான இணைப்பு வகை எஸ்எஸ்டி 500 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் இடைவெளி இன்னும் பல மடங்கு பெரிது.

ஆனால் இரண்டையும் சேர்த்துப் பூட்டியதும் கணினி திறக்காமல் கறுப்புத் திரையோடு நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது பெரும்பாலும் எந்த வட்டும் கெட்டுப்போயிருக்காது. எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்பதில்தான் கணினிக்குக் குழப்பம். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரே விதியை முன்வைக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கின் துணையில்லாமல் எஸ்எஸ்டி தனியாகக் கணினியைத் திறந்து காட்டும் வரையில், பழைய ஹார்ட் டிஸ்க்கில் எதையும் அழிக்கவோ ஃபார்மேட் செய்யவோ கூடாது. குடும்பங்கள் படங்களை இழப்பது கணினி திறக்காததால் அன்று. திறக்காத கணினியைச் சரிசெய்யும் அவசரத்தில் தவறான வட்டை அழிப்பதால்தான்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்

கணினியை முறையாக நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் சுழற்சி முழுவதும் நிற்கும் வரை அதை அசைக்காதீர்கள். பெட்டியின் பெயின்ட் பூசாத உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே உள்ளே கை வையுங்கள். மடிக்கணினியாக இருந்தால் மின்கல இணைப்பையும் கழற்ற வேண்டும். வட்டை நகலெடுப்பது, விண்டோஸ் நிறுவுவது போன்ற நீண்ட வேலைகளைக் காலையில் தொடங்குங்கள். நம் பக்கத்தில் பிற்பகல் இடிமழையோடு மின்தடை வந்தால், பாதி நகலில் நின்றுபோன வட்டுதான் மிஞ்சும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை நிரலான பயோஸின் அமைப்புகளை மாற்றியதும், கணினி பிட்லாக்கர் என்ற அந்தக் குறியாக்கத்தின் மீட்புத் திறவெண்ணைக் கேட்கலாம். 48 இலக்கங்கள் கொண்ட அந்த எண் பெரும்பாலும் கணினி உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைக் கைப்பேசியில் திறந்து பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

"கம்ப்யூட்டர் ஓப்பன் ஆகமாட்டேங்குது" என்று சொன்னால் அதற்குள் பல நோய்கள் அடங்கும். விசிறி கூடச் சுழலவில்லை என்றால் அது மின்சாரம் அல்லது கேபிள் சிக்கல். தயாரிப்பாளரின் சின்னம் தோன்றி, அதன்பின் கறுப்புத் திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்" என்றோ "ரீபூட் அண்ட் செலெக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்றோ எழுத்து வந்தால், மதர்போர்டு நலமாக இருக்கிறது, தொடங்குவதற்கான கோப்புகள்தான் அதற்குக் கிடைக்கவில்லை. விண்டோஸ் சின்னம் வரை வந்து, நீலத்திரையில் "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று காட்டினால், தொடக்கக் கோப்புகள் கிடைத்துவிட்டன. விண்டோஸ் தன் வட்டைப் படிக்க முடியாமல் தவிக்கிறது. புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் நோயுற்ற ஹார்ட் டிஸ்க்கை நாம் சந்தேகிக்கலாம். வந்த செய்தியைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறரிடம் உதவி கேட்கும்போது நூறு விளக்கங்களைவிட அந்தப் படம் பயன்படும்.

முதல் சோதனை: ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்துவிடுங்கள்

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஹார்ட் டிஸ்க்கின் டேட்டா கேபிள், மின் கேபிள் இரண்டையும் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்துக் கணினியைத் திறந்து பாருங்கள். பிறகு எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வைத்துப் பாருங்கள். இந்த எளிய சோதனையைச் செய்யாமல் பயோஸுக்குள் நுழைந்து கண்டதையெல்லாம் மாற்றுகிறவர்கள், கடைசியில் எது மூலக் காரணம், எது தாங்கள் புதிதாக உண்டாக்கிய காரணம் என்று பிரித்தறிய முடியாமல் போகிறார்கள்.

எஸ்எஸ்டி தனியாகத் திறந்து, இரண்டும் சேரும்போது மட்டும் திறக்கவில்லை என்றால், பூட் வரிசையை, அதாவது எந்த வட்டிலிருந்து முதலில் தொடங்குவது என்ற வரிசையைத்தான் பார்க்க வேண்டும். பயோஸுக்குள் போக டெல் கணினிகளில் எஃப்2, எச்பியில் எஃப்10, தனியாகப் பூட்டிய மேசைக் கணினிகள் பலவற்றில் டெலிட் விசை. ஒரு முறைக்கு மட்டும் வட்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலுக்கு டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12, எச்பியில் எஃப்9. அங்கே எஸ்எஸ்டியின் பெயர் ஒரு வரியிலும் "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்பது வேறொரு வரியிலும் இருக்கலாம். புதிய வகைக் கணினிகளில் முதலிடத்தில் வைக்க வேண்டியது இந்தப் பூட் மேனேஜர் வரியைத்தான். வட்டின் பெயரை மட்டும் மேலே ஏற்றிவிட்டு, இன்னும் திறக்கவில்லையே என்று வருந்துவோர் பலர்.

இரண்டும் சேர்ந்திருக்கும்போது மட்டும் திறந்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் எஸ்எஸ்டி தனியாகத் திறக்க மறுத்தால் காரணம் வேறு. இரண்டு வட்டுகள் உள்ள கணினிகளில் அடிக்கடி காணப்படும் கோளாறு அது. ஆகவே அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தொடக்கக் கோப்புகள் ஒரு வட்டில், விண்டோஸ் இன்னொரு வட்டில்

யூஇஎஃப்ஐ என்ற புதிய வகைப் பயோஸ் முறையில் இயங்கும் கணினி நேராக விண்டோஸ் கோப்புறைக்குப் போவதில்லை. முதலில் வட்டிலுள்ள சிறிய துவக்கப் பகுதி ஒன்றைத் தேடுகிறது. இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று பெயர் பெற்ற அந்தப் பகுதி ஃபேட்32 வடிவில் இருக்கும். பெரும்பாலும் 100 முதல் 260 மெகாபைட் அளவுதான். விண்டோஸை நிறுவும்போது ஹார்ட் டிஸ்க்கும் பூட்டப்பட்டிருந்து, அதில் ஏற்கெனவே இப்படியொரு துவக்கப் பகுதி இருந்தால், நிறுவும் நிரல் எஸ்எஸ்டியில் புதிதாக ஒன்றை உருவாக்காமல் பழையதையே பயன்படுத்திவிடலாம். விண்டோஸ் முழுவதும் எஸ்எஸ்டியில் இருக்கும், தொடக்கக் கோப்புகள் மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். வீடு இங்கே, சாவி பக்கத்து வீட்டில் என்ற நிலை. அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினாலோ, அது பழுதானாலோ, காலியாக்குகிறேன் என்று யாராவது ஃபார்மேட் செய்தாலோ, நல்ல நிலையில் உள்ள எஸ்எஸ்டியும் திறக்காது.

கணினி இப்போது திறக்கிறது என்றால் இதை ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். தொடக்கப் பொத்தானின் மேல் வலச்சொடுக்கி "டிஸ்க் மேனேஜ்மென்ட்" என்பதைத் திறந்தால் ஒவ்வொரு வட்டும் ஒரு வரிசையாகத் தெரியும். இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறு பகுதியும் சி டிரைவும் ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிஸ்க் 0 என்பது எப்போதும் எஸ்எஸ்டியாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அளவைக் கொண்டு அடையாளம் காணுங்கள். 1 டெராபைட் என்று அட்டையில் எழுதிய வட்டை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும், 500 ஜிபி வட்டை 465 என்றும், 240 ஜிபி எஸ்எஸ்டியை 223 என்றும் காட்டும். புதிய எஸ்எஸ்டி இங்கே "அன்அலோகேட்டட்" என்று கறுப்புப் பட்டையாகத் தெரிந்தால் அது பழுதன்று. இன்னும் தயார்ப்படுத்தப்படவில்லை என்பதே பொருள்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. எஸ்எஸ்டியில் விண்டோஸ் அண்மையில்தான் நிறுவப்பட்டு, அதில் முக்கியமான எதுவும் இன்னும் சேரவில்லை என்றால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, எஸ்எஸ்டியில் மட்டும் மீண்டும் நிறுவிவிடுங்கள். இதற்குக் குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கோப்புகளை அதில் ஏற்றிக்கொள்ளலாம். புதியவருக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழிதான். நேரம் சற்றுக் கூடுதலாகப் பிடித்தாலும், ஹார்ட் டிஸ்க் கணினிக்கு வெளியே இருப்பதால் அதிலுள்ள படங்களுக்கு எந்த ஆபத்தும் நேர வழியில்லை.

எஸ்எஸ்டியிலும் வேலைகள் சேர்ந்துவிட்டன என்றால் துவக்கப் பகுதியைக் கையால் உருவாக்க வேண்டும். அதற்கு முன் முக்கியக் கோப்புகளை வெளிவட்டு ஒன்றில் பிரதியெடுங்கள். பிறகு இந்த வழியிலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். நிறுவல் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, முதல் திரையில் ஷிஃப்ட் விசையோடு எஃப்10 அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். அதில் வட்டுகளைப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் நிரலை இயக்கி வட்டுகளைப் பட்டியலிட்டால், ஜிபிடி (வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் புதிய முறை) என்ற நெடுவரிசையில் எஸ்எஸ்டிக்கு நேரே நட்சத்திரக் குறி இருக்க வேண்டும். இருந்தால் விண்டோஸ் உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்து ஏறத்தாழ 300 மெகாபைட் சுருக்கி, அந்த இடத்தில் 260 மெகாபைட் இஎஃப்ஐ பகுதியை உருவாக்கி, ஃபேட்32 வடிவில் ஃபார்மேட் செய்து, எஸ் போன்ற ஓர் எழுத்தை அதற்குக் கொடுங்கள். டிஸ்க்பார்ட்டிலிருந்து வெளியேறிய பின் பிசிடிபூட் கட்டளையை இயக்க வேண்டும். விண்டோஸ் கோப்புறை இருக்கும் இடம், புதிய பகுதியின் எழுத்து, யூஇஎஃப்ஐ வகை ஆகிய மூன்றையும் அதற்குத் தெரிவித்தால் தொடக்கக் கோப்புகள் எஸ்எஸ்டியில் எழுதப்பட்டுவிடும். இந்தச் சாளரத்தில் விண்டோஸ் பகுதி சி என்ற எழுத்தைத் தாங்காமல் டி, இ என்று மாறியிருக்கலாம், ஆகவே முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். டிஸ்க்பார்ட்டில் "கிளீன்" என்ற கட்டளையைப் பரிந்துரைக்கும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. அது தேர்ந்தெடுத்த வட்டின் பகுதிகள் அனைத்தையும் நீக்கிவிடும், உறுதிதானா என்று கேட்காது. இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

நகலெடுத்த எஸ்எஸ்டி

பழைய விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. நகல் வட்டு, மூல வட்டின் அடையாள எண்ணையும் தாங்கியிருக்கலாம். ஒரே எண்ணோடு இரண்டு வட்டுகள் தெரிந்தால் விண்டோஸ் ஒன்றை "ஆஃப்லைன்" என்று ஒதுக்கி வைக்கும். சில சமயம் கணினி வழக்கம்போலத் திறந்து, நாம் எஸ்எஸ்டியில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்க, உண்மையில் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். வேகம் கூடவில்லையே என்று எஸ்எஸ்டியைக் குறை சொல்வதற்கு முன், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவ் எந்த வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். நகலெடுத்து முடிந்ததும் கணினியை நிறுத்தி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, முதல் தொடக்கத்தை எஸ்எஸ்டியில் மட்டும் நடத்துவதே முறை. சில வாரங்கள் குறையின்றி ஓடிய பிறகு, ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பழைய விண்டோஸைப் பற்றி முடிவெடுக்கலாம்.

பயோஸ் அமைப்புகள் மாறிப்போனால்

ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்ட வட்டிலுள்ள விண்டோஸ் யூஇஎஃப்ஐ வழியாக மட்டுமே தொடங்கும். எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறை வட்டிலுள்ளது லெகசி எனப்படும் பழைய வழியில் மட்டுமே தொடங்கும். பழைய ஹார்ட் டிஸ்க் எம்பிஆராகவும் புதிய எஸ்எஸ்டி ஜிபிடியாகவும் இருப்பது சாதாரணம், அதனால் கேடில்லை. விண்டோஸ் இருக்கும் வட்டின் முறைக்குப் பயோஸ் பொருந்தினால் போதும். மற்ற வட்டு தரவு வட்டாக ஒழுங்காகவே தெரியும். எம்பிஆர் முறை 2 டெராபைட்டுக்கு மேல் கையாளாது என்பதும், விண்டோஸ் 11 யூஇஎஃப்ஐயைக் கேட்கிறது என்பதும் ஜிபிடியைத் தேர்ந்தெடுக்கப் போதிய காரணங்கள். எம்பிஆர் வட்டிலுள்ள விண்டோஸ் 10ஐ அழிக்காமல் மாற்ற, அதன் 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கிடைக்கிறது. ஆனாலும் பிரதியெடுத்த பிறகே அதைத் தொடுங்கள்.

நேற்று வரை சரியாக இருந்து, மின்தடைக்குப் பின் திறக்காமல் போன பழைய கணினியில் தேதியைப் பாருங்கள். தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள காசு வடிவ 3 வோல்ட் மின்கலம் தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்ற அந்த மின்கலம் சில ரிங்கிட்டுக்குக் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்தால் பயோஸ் தன் தொடக்க நிலைக்குத் திரும்பி, பூட் வரிசை, யூஇஎஃப்ஐ தேர்வு, சாட்டா முறை எல்லாவற்றையும் மறந்துவிடும். இதில் சாட்டா முறை, அதாவது வட்டுகளை ஏஎச்சிஐ, ரெய்ட் போன்ற எந்த முறையில் அணுகுவது என்ற தேர்வு, கவனத்துக்குரியது. ஏஎச்சிஐ முறையில் நிறுவிய விண்டோஸை ரெய்ட் முறையில் தொடங்கினாலும், ரெய்டில் நிறுவியதை ஏஎச்சிஐயில் தொடங்கினாலும், முன்சொன்ன நீலத்திரை வரக்கூடும். பழைய முறைக்கே திருப்பிவிட்டால் பெரும்பாலும் உடனே சரியாகிவிடும்.

எஸ்எஸ்டி பயோஸிலேயே தெரியவில்லை என்றால்

கேபிளை இரு முனைகளிலும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுங்கள். வேறு சாட்டா கேபிளையும் வேறு துளையையும் முயன்று பாருங்கள். எம்.2 எனப்படும், மதர்போர்டிலேயே செருகும் மெல்லிய எஸ்எஸ்டி என்றால் மேலும் மூன்றைக் கவனிக்க வேண்டும். எம்.2 வடிவில் சாட்டா வகையும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ வகையும் உண்டு. எல்லாத் துளைகளும் இரண்டையும் ஏற்பதில்லை. சில மதர்போர்டுகளில் எம்.2 துளையில் எஸ்எஸ்டியைப் பூட்டியதும் குறிப்பிட்ட சாட்டா துளை ஒன்றோ இரண்டோ அணைந்துவிடும். எஸ்எஸ்டி பூட்டிய நாளில் ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் அது செத்துவிட்டது என்று முடிவு கட்டாமல், வேறு துளைக்கு மாற்றுங்கள். 2014க்கு முந்தைய கணினிகள் பெரும்பாலும் என்விஎம்இ வட்டிலிருந்து தொடங்கத் தெரியாதவை. அவற்றுக்குச் சாட்டா எஸ்எஸ்டி வாங்குவதே காசுக்கு ஏற்றது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட் கம்பியில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். பழைய அலுவலகக் கணினியில் மலிவான பிரிப்புக் கேபிளைப் போட்டு இரண்டு வட்டுகளை ஓட்டுகிறவர்கள், அதன் இணைப்பு முனை கருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளையின் கேபிளை வேறொன்றில் மாட்டவே கூடாது. முனை ஒத்துப்போனாலும் உள்ளே கம்பி வரிசை மாறியிருந்தால் இரண்டு வட்டுகளும் ஒரே நொடியில் எரிந்துபோகலாம்.

ஹார்ட் டிஸ்க்கே நோயுற்றிருந்தால்

எஸ்எஸ்டி மட்டும் இருக்கும்போது விரைவாகத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கை மாட்டியதும் சின்னத்திலேயே பல நிமிடம் நின்றால், அல்லது உள்ளிருந்து டிக் டிக் என்ற ஒலி கேட்டால், அந்த ஹார்ட் டிஸ்க் தன் முடிவை நெருங்குகிறது. விண்டோஸ் தொடங்கும்போது எல்லா வட்டுகளையும் விசாரிக்கும். பதில் சொல்ல முடியாத வட்டுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். இந்த நிலையில் செக்டிஸ்க் போன்ற பழுதுநீக்கும் கருவிகளை ஓட்டாதீர்கள். அவை வட்டை நெடுநேரம் ஓடவைத்து, மிச்சமிருக்கும் உயிரையும் வாங்கிவிடலாம். கணினிக்கு வெளியிலிருந்து இணைக்கும் யுஎஸ்பி உறையில் அந்த ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு, ஈடு செய்ய முடியாத கோப்புகளை முதலில் பிரதியெடுங்கள், மற்றவை பிறகு. டிக் டிக் ஒலி நிற்காமல் தொடர்ந்தால் பிரதியெடுக்கவும் முயலாமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்போரிடம் கொண்டுபோங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது "விண்டோஸ் போட்டுக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, எஸ்எஸ்டியோடு கணினியை மட்டும் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கையும் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் "இதை ஃபார்மேட் செய்ய வேண்டாம்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி அதன்மேல் ஒட்டிவிடுங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிய நிலையில் ஒரு முறை திறந்து காட்டச் சொல்லுங்கள்.